பதினேழாம் குழாய்

சர்வானி என்ற மனிதரைப் பார்ப்பதற்கு ஆறு வாரம் முன்பே அவர் பொய் சொல்கிறார் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

போகோர் நகரில், கரிச் சதுப்பு நிலங்களை ஆராயும் ஒரு பன்னாட்டு அமைப்பில் எனக்கு ஒன்பது மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருந்தது. வேறொரு தீவிலுள்ள சியாந்தாரிலிருந்து வந்த படாக் இனத்துப் பெண்ணான எனக்கு, ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரம் நிற்கிற அந்த அலுவலகமே பெரிய விஷயம். என் வேலை காட்டில் இல்லை, கணினித் திரையில். மத்திய கலிமந்தானில் சுங்கை தெராப் என்ற ஊரில் இருபத்து நான்கு குழாய்களை நிலத்தில் இறக்கி வைத்திருந்தார்கள். வாராவாரம் சர்வானி போய், ஒவ்வொரு குழாயிலும் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் கீழே கிடக்கிறது என்று அளந்து நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவார். அலுவலகத்தில் டெடென் அதை அட்டவணையில் ஏற்றுவார். நோட்டுப் படங்கள் என்னிடம் வராது, நான் அட்டவணையில் தப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

தண்ணீர் கீழே இறங்கினால், மக்கிய மரமும் இலையுமான அந்த நிலம் காய்ந்து தீப்பிடிக்கும். பிடித்தால் புகை கடல் தாண்டி மலேசியா, சிங்கப்பூர் வரை போகும். அதனால்தான் இரண்டு மாதத்தில் பத்து நாட்டு அதிகாரிகள் கூடும் கூட்டத்துக்கு எங்கள் அமைப்பு ஒரு குறிப்பு தயாரித்துக்கொண்டிருந்தது. சதுப்பு நீரை வடித்துக்கொண்டிருந்த கால்வாயைத் தடுத்துக் கட்டியதால் நீர்மட்டம் உயர்ந்தது என்பது அதன் சாரம். அதற்குச் சாட்சி ஒரே ஒரு வரைபடம். தடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்த பதினேழாம் குழாயின் வரைபடம்.

சர்வானியின் எண்களைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. 35, 40, 45, 30, 40. இரண்டு வருடம், இருபத்து மூன்று குழாய், எல்லா எண்ணும் ஐந்தில் அல்லது பூஜ்யத்தில் முடிந்தது. தண்ணீர் அப்படி ஐந்தைந்தாக ஏறி இறங்குமா? வீட்டில் உட்கார்ந்து எழுதுகிற ஆள்தான் இப்படி எழுதுவான். பதினேழாம் குழாயில் மட்டும் 37.2, 38.6 என்று கடந்த ஆறேழு மாதமாக எண்கள் உயிரோடு இருந்தன. முக்கியமான குழாய் என்பதால் அதை மட்டுமாவது ஒழுங்காக அளக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

டெடெனிடம் சொன்னேன். அவரும் இன்டர்னாக வந்தவர்தான். இரண்டு முறை நீட்டித்து, அப்புறம் வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு அட்டவணை கற்றுக்கொடுத்தவர், முதல் மாதம் தங்க அறை பார்த்துக்கொடுத்தவர். நான் அவரை "காங்" என்று கூப்பிடுவேன், அண்ணன் மாதிரி. போகோர் பக்கத்துச் சுந்தாக்காரர்கள் வழக்கப்படி அவர் என்னை "நெங்" என்பார், தங்கச்சி என்கிற மாதிரி.

"நெங், ஊர்ல இருக்கிறவர். கண்ணாடி கூட இருக்காது. குத்துமதிப்பா எழுதியிருப்பாரு. விடேன்."

"குத்துமதிப்பா எழுதினதை எப்படி காங் பத்து நாட்டுக்காரங்க முன்னாடி வைக்கிறது?"

"மெதுவா பேசு. படாக்காரி பேசினா ரகசியம்கூட சண்டை மாதிரி கேக்குது."

நான் நேராக ஐலாவிடம் போனேன். எங்கள் பிரிவின் தலைவரான டாக்டர் ஐலா பின்லாந்துக்காரர். பதினெட்டு வருடமாகப் போகோர்வாசி, எங்கள் மொழியில் திட்டவும் தெரியும். எண்களைப் பார்த்தார். "போய்ப் பாத்துட்டு வா" என்றார். கூட வர வேண்டிய களப் பணியாளர் பெயரும் குறித்தாயிற்று. புறப்படுவதற்கு முதல் நாள் அந்தப் பெயர் மாறியது. டெடென் தானே கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

"உனக்கு அந்த ஊர் புதுசு. நான் வந்தா நல்லது" என்றார்.

இரண்டு வருடத்தில் ஒருமுறைகூடக் களத்துக்குப் போகாத மனிதர் அவர்.

விமானத்தில் பலங்காராயா போய், அங்கிருந்து மோட்டார் படகில் ஐந்து மணி நேரம். தேநீர் நிறத் தண்ணீர். டெடென் வழியெல்லாம் ஏதோ கதை சொல்லிக்கொண்டே வந்தார். ஊர்ப் படித்துறையில் இறங்கியதும் பேச்சு நின்றுவிட்டது.

சர்வானிக்கு ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள். என் கையைத் தொட்டுவிட்டு நெஞ்சில் கை வைத்தார், ஆனால் கண் என் தோளில் தொங்கிய காமிராவில் இருந்தது. அவர் மனைவி மஸ்தியா விரால் மீன் குழம்பும் சம்பலும் வைத்தார். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார், இல்லை என்றதும் ஏன் என்று கேட்டார். சர்வானி சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார்.

"நீ எந்த ஆபீஸ்?" என்றார் கடைசியில்.

சொன்னேன்.

"இவரு ஆபீஸ்தானே? இவரு அனுப்பச் சொல்றாரு, நான் அனுப்பறேன். அப்புறம் நீ எதுக்கு?"

"அளக்கறதை ஒரு தடவை கூட இருந்து பாக்கலாம்னு."

"போன வருஷமும் ஒருத்தன் வந்தான். உன்ன மாதிரியே நல்லாப் பேசினான். மஸ்தியா சமைச்சதத்தான் சாப்பிட்டான். தோட்டத்தயெல்லாம் போட்டோ எடுத்துட்டுப் போனான். அடுத்த வாரம் போலீஸ் வந்து என் தங்கச்சி மவனக் கூட்டிட்டுப் போயிடுச்சு. பயிர் வைக்க நிலத்தக் கொளுத்தினானாம். நாலு மாசம் உள்ள இருந்தான்."

"நான் அந்த மாதிரி ஆள் இல்ல பாக்" என்றேன், பெரியவர்களை அழைக்கும் மரியாதைச் சொல்லோடு.

"அவனும் அதத்தான் சொன்னான்."

மஸ்தியா என் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தார். "சாப்பிடு பொண்ணு. அவரு எல்லாரையும் இப்படித்தான் சந்தேகப்படுவாரு. கல்யாணத்தன்னிக்கு எங்கப்பாவயே சந்தேகப்பட்டாரு."

மறுநாள் காலை பலகைகள் மேல் நடந்து போனோம். பலகை தவறினால் முழங்கால்வரை கறுப்புச் சேறு. முதல் குழாயில் நான் என் டேப்பை இறக்கினேன். நாற்பத்து மூன்று. சர்வானி இடுப்பில் செருகியிருந்த மூங்கில் குச்சியை எடுத்து இறக்கினார். ஈரம் பட்ட இடத்தைத் தடவிப் பார்த்து, "நாப்பத்தஞ்சு" என்றார்.

குச்சியில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு. அரத்தால் ராவி, மேலே மெல்லிய கம்பி சுற்றியிருந்தார்.

"டேப் குடுத்தாங்களே?"

"அது மொத மழையிலயே துருப்பிடிச்சு ஒடிஞ்சு போச்சு. வேற குடுன்னு மூணு தடவ இவருகிட்ட சொன்னேன்." டெடெனைப் பார்க்காமலே சொன்னார். "ரெண்டு வெட்டுக்கு நடுவுல வந்தா எது கிட்ட இருக்கோ அத எழுதுவேன். வேற என்ன பண்றது?"

பன்னிரண்டு குழாய்கள் அளந்தோம். ஒன்றிலும் அவர் எண் என் எண்ணிலிருந்து மூன்றுக்கு மேல் விலகவில்லை. ஆறு வாரமாக நான் பொய்யன் என்று நினைத்த மனிதர் மழையிலும் வெயிலிலும் இந்தப் பலகையில் நடந்திருக்கிறார். என் காது சுட்டது. மன்னிப்பு கேட்க வேண்டும்போல இருந்தது, ஆனால் எதற்கென்று அவருக்குச் சொல்வது?

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. ஐந்தில் வெட்டிய குச்சியால் 37.2 எப்படி அளந்தார்?

"கால்வாய்க்கு அந்தப் பக்கம் போலாமா? பதினேழு அங்கதானே?" என்றேன்.

"நேரமாச்சு நெங். படகுக்காரன் ரெண்டு மணிக்குக் கிளம்பிடுவான்" என்றார் டெடென்.

"வழி நல்லால்ல. பலக ஒடஞ்சு கெடக்கு" என்றார் சர்வானி.

காலையிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு பேரும் இதில் மட்டும் ஒரே குரல். ஆளில்லாத சதுப்பில் இரண்டு ஆண்களோடு தனியாக நிற்கிறேன் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இருந்தாலும் நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் பலகை முனகும் சத்தம் கேட்டது. இருவரும் வந்தார்கள்.

வழி ஒன்றும் மோசமில்லை. ஒரு பலகைகூட உடையவில்லை.

பதினேழாம் குழாய் நின்ற இடத்தில் முழங்கால் உயரத்துக்குப் பெரணி வளர்ந்திருந்தது. விலக்கினேன். குழாய் பாதி உருகி, ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, வாய் ஒட்டிப்போயிருந்தது. அதற்குள் ஒரு குச்சியும் இறங்காது, ஓர் ஈர்க்குகூட இறங்காது. சுற்றிலும் கரிந்த மரக்கட்டைகள். அவற்றுக்கு நடுவே வரிசை பிடித்து நட்ட மரவள்ளி, என் இடுப்பு உயரம்.

நான் மரவள்ளியைப் பார்த்தேன். நான் பார்த்ததைச் சர்வானி பார்த்தார்.

"நோட்டைக் குடுங்க பாக்."

தயங்கித்தான் கொடுத்தார். செப்டம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து பதினேழுக்கு நேராக வாராவாரம் ஒரு கோடு. எண்ணே இல்லை, வெறும் கோடு.

"நீங்க எண் எழுதவே இல்லையா?"

"இல்லாத தண்ணிய எப்படி எழுதறது?"

"எரிஞ்சு போச்சுன்னு எழுதியிருக்கலாமே."

"எழுதலாம். எந்தத் தேதின்னு கேப்பாங்க. யாரு கொளுத்தினான்னு கேப்பாங்க. நான் என் கையால எழுதிக் குடுத்துட்டு, அப்புறம் ஊர்ல எப்படிக் குடியிருக்கறது?" நோட்டைத் திரும்ப வாங்கி மடியில் செருகிக்கொண்டார். "கோடு போட்டேன். புரிஞ்சவங்க கேப்பாங்கன்னு பாத்தேன். யாரும் கேக்கல."

திரும்பும் படகில் டெடென் என் எதிரே உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் கழித்து அவரே ஆரம்பித்தார்.

"அப்போ நானும் இன்டர்ன்தான் நெங். கான்ட்ராக்ட் முடிய மூணு வாரம். குறிப்புக்கு முதல் வரைவு கேட்டாங்க. பதினேழுல கோடா இருந்துச்சு. பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவுல, தூரக் கணக்குப்படி என்ன வருமோ அதை ஷீட்டே போடற மாதிரி வச்சேன். எல்லாரும் செய்யறதுதான்."

"செய்வாங்க. இது கணிச்ச எண்ணுன்னு எழுதி வைப்பாங்க."

"அந்தக் கட்டத்துக்கெல்லாம் மஞ்சள் போட்டு வச்சேன்."

"மஞ்சள் எங்க?"

அவர் தண்ணீரைப் பார்த்தார். "வரைவு அனுப்பற அன்னிக்கு எடுத்துட்டேன். மஞ்சளா இருந்தா கேள்வி கேப்பாங்க. அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். அடுத்த வாரம் கான்ட்ராக்ட் நீட்டிச்சாங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?"

"அதனாலதான் கூட வந்தீங்களா?"

"நீ பதினேழு வரைக்கும் போக மாட்டேன்னு நெனச்சேன். அட்டைப்பூச்சிக்குப் பயப்படுவேன்னு."

"சியாந்தார்ல அட்டைப்பூச்சி இல்லையா காங்?"

அவர் சிரிக்க முயன்றார். எனக்கு வரவில்லை. "ஐலாகிட்ட நீங்களே சொல்லுங்க. வியாழக்கிழமை வரைக்கும் பாப்பேன்" என்றேன்.

வியாழக்கிழமை ஐலா என்னை அறைக்கு அழைத்தார். டெடென் சொல்லியிருந்தார். எவ்வளவு சொன்னார், எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஐலாவின் அறையை விட்டு டெடென் வெளியே வந்தபோது என் மேசைப் பக்கம் திரும்பவில்லை.

ஐலா கத்தவில்லை. பதினேழின் எட்டு மாத எண்களை என்னையே நீக்கச் சொன்னார். நீக்கியதும் வரைபடம் பாதியில் நின்றது. கால்வாயைத் தடுத்ததால் நீர்மட்டம் உயர்ந்தது என்ற வாக்கியம், உயர்ந்திருக்கக்கூடும் என்று ஆனது. மறுநாள் அந்தப் பத்தியையே எடுத்துவிட்டார். கூட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒரு பத்திக்காக அவர் இரண்டு வருடம் உழைத்தார் என்று எல்லாருக்கும் தெரியும்.

"நீக்கினதுக்குக் காரணம் எழுதணும். ஒரு வரி போதும்" என்றார்.

தட்டச்சு செய்தேன். 'குழாய் சேதம். காரணம் பதிவாகவில்லை.'

ஐலா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"என்ன சேதம்?"

"நான் போனப்போ சாஞ்சு கெடந்தது."

"காரணம் தெரியாதா?"

"தெரியாது."

"போட்டோ எடுத்தியா?"

காமிரா என் பையில்தான் இருந்தது. அங்கே எடுத்த பதினேழின் இரண்டு படங்களையும் படகிலேயே அழித்திருந்தேன். இரண்டிலும் பின்னால் மரவள்ளி தெரிந்தது.

"மழை டாக்டர். எடுக்க முடியல."

அன்று சுங்கை தெராப்பில் மழை இல்லை. அதைக் காட்டும் மழைமானி எண் அதே அட்டவணையில், நான்கு கட்டம் தள்ளி இருந்தது. ஐலா எதையும் எண்ணைப் பார்க்காமல் நம்புகிறவர் இல்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார், பிறகு என்னை. "சரி" என்று மட்டும் சொன்னார்.

புது டேப் இரண்டு வாங்கி சர்வானிக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. ஆனால் அடுத்த வாரம் வந்த பக்கத்தில் 43, 38, 41 என்று எண்கள் இருந்தன. பதினேழுக்கு நேரே கோடு.

ஜூன் கடைசியில் என் ஒன்பது மாதம் முடிந்தது. நீட்டிக்கவில்லை. அந்த வருடம் எந்த இன்டர்னுக்கும் நீட்டிக்கவில்லை, நிதி குறைந்துவிட்டது என்றார்கள். இருக்கலாம். டெடெனைக் களப்பிரிவுக்கு மாற்றினார்கள். அது தண்டனையா பதவி உயர்வா என்று அவருக்கே புரியவில்லை. கிளம்பும் நாள் அவர் என் பெட்டியைப் பேருந்துவரை தூக்கி வந்தார். "மழைன்னு சொன்னியாமே?" என்றார். அதை நான் ஐலாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

ஐலா எனக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்திருந்தார். பேருந்தில் பிரித்துப் படித்தேன். கவனமானவர், விடாமுயற்சி உள்ளவர், எண்களில் கூர்மையானவர் என்று நல்லபடியாகவே எழுதியிருந்தார். நேர்மை என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று இரண்டாம் முறை தேடினேன். இல்லை. இப்படிப்பட்ட கடிதங்களில் வழக்கமாக அந்தச் சொல் வருமா வராதா என்று எனக்குத் தெரியாது. வேறு யாருடைய கடிதத்தையும் நான் பார்த்ததில்லை.