கோடு போடாத போல்ட்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். அதை மறைக்க நான் ஒரு நாளும் முயன்றதில்லை. பஸ் டிப்போவில் பதினேழு வருடமாகப் பிரேக் வேலை பார்க்கிறேன். அங்கே போய் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் நாலு பேர் முழிப்பார்கள், ‘பட்டாசு’ என்று கேட்டால் வாட்ச்மேனே கை காட்டுவார். பிரேக் வேலையில் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றால் யாரோ ஒருவருக்குச் சாவு என்பது என் கட்சி.

அன்று பகல் பன்னிரண்டரைக்கு ஷிப்ட் முடிந்து ஷெட்டுக்கு வந்தேன். சட்டைப் பையில் புதிதாக வாங்கிய இரண்டு செப்பு வாஷர்கள். ஷெட்டில் வண்டி இல்லை.

அந்த வண்டி, தம்பியும் நானும் எட்டு மாதம் உயிரைக் கொடுத்து எழுப்பிய பழைய சின்ன பிக்கப். ஒரு கோழிப்பண்ணையின் பின்பக்கம், இன்ஜினுக்குள் செடி முளைத்துக் கிடந்ததை இழுத்து வந்தோம். தம்பிக்கு டிங்கர் வேலையும் பெயிண்டும்தான் தொழில். துருப்பிடித்த தளத்தை வெட்டியெறிந்துவிட்டுப் புதுத் தகடு பற்றவைத்தான். அவன் மகள் எந்தப் பச்சையைக் கை காட்டினாளோ அதே பச்சையை அடித்தான். பெரிய இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் ஏற்றினோம். வேகம் கூடினால் பிடியும் கூட வேண்டாமா? முன் சக்கரங்களில் பழைய டிரம்மைக் கழற்றி டிஸ்க் பிரேக் போட்டது நான். ஒரே ஒரு வேலைதான் பாக்கி. முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக் எண்ணெய் ஒரே வழியில் போய்க்கொண்டிருந்தது. ஓரிடத்தில் ஒழுகினால் நாலு சக்கரத்திலும் பிடி போய்விடும். அதை இரண்டாகப் பிரிப்பதை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டிருந்தோம்.

டிப்போவில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. போல்ட்டைக் கடைசியாக முறுக்கிய ஆள், அதன் தலையிலிருந்து அடியில் இருக்கும் இரும்பு வரை மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுக்க வேண்டும். முறுக்கினவர்தான் இழுக்க வேண்டும், வேறு யாரும் பிரஷ்ஷைத் தொடக்கூடாது. ஷெட்டிலும் அதையே சட்டமாக வைத்திருந்தேன். “எல்லா போல்ட்லயும் மஞ்சள் இருந்தா நீ பாட்டுக்கு வண்டிய எடுத்துட்டுப் போ. ஒண்ணுல இல்லேன்னாலும் சாவியத் தொடாத” என்று தம்பியிடம் சொல்லியிருந்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் இடது முன் சக்கரத்தில் லேசாக ஈரம் தெரிந்தது. எண்ணெய் கொண்டுவரும் ரப்பர் குழாயைப் பிரேக்கோடு பிடித்து நிறுத்துகிற போல்ட் அது. வாஷர் பழசு, தேய்ந்துபோயிருந்தது. அந்த அளவில் புதுசு கைவசம் இல்லை. பழையதையே வைத்து, போல்ட்டைப் பெயருக்குத் திருகிவிட்டு, கோடு போடாமல் கிளம்பினேன். தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோடு இல்லாததே சொல்லிவிடும் என்று இருந்துவிட்டேன். மலைக்குக் கீழே கட்டுகிற ஓட்டலுக்கு டைல்ஸ் இறக்கும் முதல் சவாரிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்ததே, அதற்குள் மாற்றிவிடலாம் என்ற தைரியம்.

பக்கத்து ஷெட்டில் வண்டி சீட்டுக்கு உறை தைக்கிற அண்ணன் வாயில் நூலோடு வெளியே வந்தார்.

“தம்பி எங்கண்ணே?”

“டைல்ஸ் கடையில இருந்து இன்னைக்கே வேணும்னு போன் வந்துச்சு. லோடு ஏத்தி, கிளம்பி அரை மணி ஆச்சு.”

“கோடு இல்லாம எப்படி எடுத்தான்? அவ்வளவு தைரியமா அவனுக்கு?”

“கோடு இருந்துச்சே” என்றார். “நேத்து ராத்திரி பிரஷ் கழுவறப்ப அவனே போட்டான். அக்கா ஒண்ண விட்டுட்டுப் போயிட்டா, பன்னெண்டுல ஒண்ணு மட்டும் மொட்டையா இருக்குன்னு சிரிச்சான்.”

பெயிண்டர் கண்ணுக்கு அது ஒரு குறை, அவ்வளவுதான். வரிசையில் ஒன்று மட்டும் வெறுமையாக இருந்தால் அவனுக்குச் சோறு இறங்காது.

போனில் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டேன். எடுக்க மாட்டான் என்று எனக்கே தெரியும். “ஓட்டறப்ப போனைத் தொட்டா கையை ஒடிச்சிடுவேன்” என்று சொல்லி வைத்திருந்தவள் நான்தானே. பாவி, அதை மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கிறான்.

அடுத்து என் போன் அடித்தது. தம்பி பொண்டாட்டி, தையல் ஃபாக்டரியிலிருந்து.

“அண்ணி, பாப்பா சாப்பிட்டாளா? அவங்க அப்பா போனே எடுக்கல.”

“பாப்பா எங்க?”

“வண்டியிலதான். புது வண்டியில முதல் ஆளா நான்தான் போவேன்னு ஒரே அழுகை. ஏன் அண்ணி, குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்ல. அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு மெதுவாகப் பேசியது அன்றைக்குத்தான்.

சீட்டு அண்ணனின் ஸ்கூட்டரில், அவரையே பின்னால் உட்கார வைத்து, நான் ஓட்டினேன். கீழே இறங்கும் மலைப்பாதையில் பதினோரு வளைவு. இரண்டாவது வளைவிலேயே அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“தாயே, எனக்கு மூணு பொண்ணு. மூத்தவளுக்கே இன்னும் கல்யாணம் முடியல.”

“கண்ண மூடிக்கோங்கண்ணே.”

“மூடிட்டுத்தான் பேசறேன்.”

நான் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வளைவில், பிரேக் மிதிக்கிற இடத்தில், தாருக்கு மேல் நாலைந்து சொட்டு பளபளத்தது. வண்டியை நிறுத்தி விரலால் தொட்டு முகர்ந்தேன். பிரேக் எண்ணெய். நாலாவது வளைவில் ஓர் உள்ளங்கை அகலம். ஐந்தில் ஒரு நீளக் கோடாக இழுத்திருந்தது. ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் போல்ட் இளகி, எண்ணெய் பீய்ச்சியிருக்கிறது. அவன் இன்னும் அழுத்தி மிதித்திருக்கிறான்.

ஆறாவது வளைவில் ஒன்றுமே இல்லை. சாலை காய்ந்து கிடந்தது.

“அப்பாடா, நின்னுடுச்சு போல” என்றார் அண்ணன்.

நான் ஸ்கூட்டரை இன்னும் முடுக்கினேன். ஒழுகுவதற்கு இனி எண்ணெய் இல்லை என்று அதற்கு அர்த்தம். அறுநூறு கிலோ டைல்ஸ், ஆறு வயதுக் குழந்தை, கையால் இழுக்கிற பார்க்கிங் பிரேக் ஒன்று. அதுவும் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும்.

ஏழாவது வளைவுக்கு முன்னால் தடுப்புச் சுவர் இல்லாத ஒரு நேர் இறக்கம். அதன் ஆரம்பத்தில் உடைந்த டைல்ஸ் சில்லுகள் கிடந்தன. பள்ளத்து ஓரம் எட்டிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. கண்ணை வலது பக்கமே வைத்துக்கொண்டு ஓட்டினேன். வலது பக்கம் மலைச்சரிவு. அதில் மண் சீவிக்கொண்டு போன தடம் தெரிந்தது. பச்சைப் பெயிண்ட் பாறையில் ஒட்டியிருந்தது. நூறடி தள்ளி, மண்மேட்டில் முகத்தை முட்டிக்கொண்டு வண்டி நின்றது.

தம்பி சாலை ஓரத்தில் பாப்பாவை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். அவளுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. அவனுக்குப் புருவத்துக்கு மேல் ரத்தம் கோடாக இறங்கிக் காய்ந்திருந்தது. போன உயிர் திரும்பி வந்தது என்பார்களே, எனக்கு முழுசாக வரவில்லை, பாதிதான் வந்தது.

என்னைப் பார்த்ததும் அவன் எழுந்தான்.

“அக்கா, திட்டாத. மட்கார்டு போச்சு. கதவும் கீறிடுச்சு. பிரேக் கீழ வரைக்கும் போயிடுச்சு, அதான் கியரக் குறைச்சு மலைப்பக்கமா தேய்ச்சு நிறுத்தினேன். நான்தான் ஏதோ தப்பா ஓட்டிட்டேன். எல்லாத்தையும் திரும்ப அடிச்சுத் தரேன்.”

நான் இடது முன் சக்கரத்தருகே மண்டியிட்டேன். போல்ட்டின் தலையில் பாதிக் கோடு, கீழே இரும்பில் பாதிக் கோடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு விரற்கடை தள்ளிப்போயிருந்தது. என் கோட்டைவிட அவன் கோடு அழகாக இருந்தது, அளவெடுத்து இழுத்த மாதிரி.

“இதை நான் முறுக்கலடா” என்றேன். “வாஷர் மாத்தறதுக்காக விட்டு வச்சிருந்தேன். உன்மேல தப்பு இல்ல. ஆனா கோடு போடறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா?”

அவன் சீட்டு அண்ணனைப் பார்த்தான். அவர் ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

“போன மாசம் கேட்டேன்க்கா. பின்சக்கர போல்ட்ல கோடு இல்லையே, மறந்துட்டியான்னு. உன் டிப்போ ஆளுங்க நாலு பேர் நின்னுட்டிருந்தாங்க. பெயிண்ட் அடிக்கறவன் பெயிண்டோட நில்லு, எனக்குப் பிரேக் சொல்லித்தர வராதன்னு ஸ்பேனர விட்டெறிஞ்ச. அதுக்கப்புறம் எதுக்குக் கேக்கணும்னு...”

எனக்கு அது நினைவே இல்லை. எத்தனை யோசித்தும் வரவில்லை. ஸ்பேனரை எறிந்தது இல்லை, அந்த நாலு பேர் இல்லை, அவன் முகம் இல்லை. அவன் நெஞ்சில் ஒரு மாதம் கிடந்தது, என்னிடம் ஒரு நிமிடம்கூடத் தங்கியிருக்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சீட்டு அண்ணனைக் கீழே எண்ணெய் டப்பா வாங்க அனுப்பினேன். வாஷர்களை வெளியே எடுத்தேன். போல்ட்டைக் கழற்றிப் புதியதைப் பொருத்தும்வரை எப்படியோ செய்துவிட்டேன். முறுக்கும்போது ஸ்பேனர் போல்ட் தலையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. பதினேழு வருடத்தில் முதல் தடவையாக அதை இன்னொருவர் கையில் கொடுத்தேன்.

தம்பி முறுக்கினான். நிறுத்தினான். என்னைப் பார்த்து வாயைத் திறந்து, மூடிக்கொண்டான்.

“என்னடா?”

எப்போதும் வருகிற மாதிரியேதான் வந்தது, வெடுக்கென்று. பாப்பா சட்டென்று அவன் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள்.

நான் சாலையில் அப்படியே உட்கார்ந்தேன். மூச்சு விட்டேன்.

“கேளுடா” என்றேன்.

“இது போதுமாக்கா?”

“இன்னும் கால் சுத்து.”

முறுக்கினான். “இப்ப?”

“இறுகிடுச்சு.”

“நல்லா இறுகிடுச்சா?” என்று மறுபடியும் கேட்டான். வேண்டுமென்றே கேட்கிறான் என்று தெரிந்தது. அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து பாப்பா எட்டி, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டை வரை வந்ததை விழுங்கினேன். ஸ்பேனரை வாங்கி ஒரு முறை சரிபார்த்துவிட்டு, “நல்லா இறுகிடுச்சுடா” என்றேன்.

அவன் மூன்றாவது தடவையும் கேட்டான். மூன்றாவது தடவையும் சொன்னேன்.