இடது பக்கத்து வளையம்

டங்கென்று ஒரு சத்தம். பிக்கப்பின் இடது முன்சக்கரத்து ஹப் மூடி தெறித்து விழுந்து, சிமெண்டுத் தரையில் உருண்டு போய், எண்ணெய்த் தட்டில் முட்டி நின்றது. மரச் சுத்தியலை ஓங்கிய கையை இறக்காமலே மெக்கானிக் சக்கரத்தின் நடுவில் தெரிந்த ஓட்டைக்குள் டார்ச்சை அடித்தார். குனிந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடியும் குனிந்தார்.

"உள்ள ஆளே இல்லயே!" என்றார்.

வண்டிக்காரன் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தான். "என்ன டாக்டர், என்ன சொல்றீங்க?"

ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து நோய் கண்டுபிடிப்பவர் என்பதால் மெக்கானிக்குக் கடைத்தெரு முழுக்க அந்தப் பட்டம்தான். "வீடு இருக்கு, கதவு இருக்கு, பூட்டும் இருக்கு. குடியிருந்தவரு மட்டும் காலி பண்ணிட்டுப் போயிட்டாரு. நீங்களே வந்து பாருங்க."

வலது பக்கத்தை டாக்டர் அரை மணி நேரத்துக்கு முன்பே கழற்றி, பாகங்களை ஒரு பழைய துணியில் வரிசையாக வைத்திருந்தார். 'ஃப்ரீ', 'லாக்' என்று எழுதிய திருகு வைத்த மூடி, ஒரு சுருள்வில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இரும்பு வளையம். வளையத்தின் உள்ளேயும் வெளியேயும் பற்கள். திருகை 'லாக்'குக்குத் திருப்பினால் இந்த வளையம் உள்ளே நகர்ந்து அச்சையும் சக்கரத்தையும் கோத்துப் பிடிக்கும். அதன் பிறகுதான் எஞ்சினின் இழுவை முன்சக்கரங்களுக்குப் போகும். இடது பக்கத்தில் மூடி இருந்தது, வில் இருந்தது. வளையம் இல்லை.

"உடைஞ்சு உள்ள விழுந்திருக்குமோ?"

"விழுந்தா துண்டு கிடக்கும்ல? கிரீஸ் என்ன சுத்தமா வெச்சிருக்கு பாருங்க. இது யாரோ பக்குவமா கழட்டி எடுத்தது." டாக்டர் அந்த மூடியைக் கையில் எடுத்துத் திருகைத் திருப்பிக் காட்டினார். டக். "கேட்டீங்களா? சத்தம் மட்டும் ஒழுங்கா வருது. வெளியில நின்னு திருப்புறவனுக்கு எல்லாம் சரியா இருக்குற மாதிரியே இருக்கும். எத்தன வருஷமா இப்படி ஓட்டுறீங்க?"

அவன் துணியில் கிடந்த வலது பக்கத்து வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதை அவனுக்குத் தெரியும். அதே அளவு, அதே பற்கள். நான்கு வருடமாகத் தினம் பார்க்கிற சாமான். எங்கே என்பதுதான் உடனே பிடிபடவில்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவனும் மச்சானும் சேர்ந்து மலையுச்சி செல்போன் டவர்களுக்கு பேட்டரியும் டீசலும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். வண்டி இவனுடையது, ஓட்டுவதும் இவன். கழற்றி மாட்டுகிற வேலையெல்லாம் மச்சான். ஏற்றம் தொடங்குகிற இடத்தில் வண்டியை நிறுத்தி இருவரும் இறங்குவார்கள். வலது சக்கரத்துத் திருகு இவன் பொறுப்பு, இடது சக்கரம் அவர் பொறுப்பு. திருப்பியதும் அவர் அந்தப் பக்கத்திலிருந்து "லாக்!" என்று கத்துவார். இவனும் "லாக்!" என்று கத்துவான். ஒரு பக்கம் விட்டுப் போனாலும் பிரயோசனமில்லை. எஞ்சினின் இழுவை முழுவதும் விட்டுப்போன பக்கத்தின் வழியாகவே வீணாகிவிடும், பூட்டிய சக்கரம் சும்மா உருளும்.

அன்று மத்தியானம் மழை. பின்னால் பேட்டரிப் பெட்டிகள், அவற்றின் மேல் டவர் காவல்காரர். வழக்கம்போல இரண்டு குரலும் கேட்டன. ஏற்றத்தின் பாதியில், ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டியதும், பின்சக்கரங்கள் சேற்றில் சுற்றின. முன்சக்கரங்கள் இழுக்கவில்லை. வண்டி பின்னால் சறுக்கியது. குதித்துத் தப்பப் பார்த்த காவல்காரரின் பாதம் பாலத்துச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அவரைத் தோளில் போட்டுக்கொண்டு இவன்தான் சாலைக்கு ஓடினான். "நீ போ மாப்ள, வண்டிய நான் பார்த்துக்கறேன்" என்று மச்சான் நின்றுகொண்டார். சாயங்காலம் டவர் கம்பெனி ஆட்களோடு இவன் திரும்பி வந்தபோது, வலது சக்கரத்துத் திருகு 'ஃப்ரீ'யில் இருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். இவனும் பார்த்தான். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு, "கத்துனியே மாப்ள, திருப்பலயா?" என்று மட்டும் கேட்டார்.

திருப்பியதாகக் கைக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் கண் முன்னால் இருப்பதை விட்டுவிட்டுக் கையை எப்படி நம்புவது?

காவல்காரரின் பாதத்தை எடுத்துவிட்டார்கள். அந்த மாதமே டவர் கம்பெனி இவனை நீக்கிவிட்டு, மச்சானை சூப்பர்வைசராக வைத்துக்கொண்டது. டிரைவர்கள் நடுவே இவனுக்கு 'ஃப்ரீ' என்று பெயர் விழுந்தது. "ஃப்ரீ வர்றான், டீ ஃப்ரீயா கேக்கப் போறான்" என்று சிரிப்பார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை காவல்காரரைச் செயற்கைக் கால் சரிபார்க்க ஆஸ்பத்திரிக்கு இவன்தான் கூட்டிப் போகிறான். முன் சீட்டில் உட்கார்ந்து போக வர ஒரே ஒரு வார்த்தை பேசுவார். "மெதுவா." அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அன்றிலிருந்து அவன் எதையும் ஒரு தரம் மூடியதோடு விடுவதில்லை. வண்டிக் கதவைப் பூட்டிவிட்டு மாடியேறி, பாதிப் படியில் நின்று, இறங்கிப் போய் இழுத்துப் பார்ப்பான். மறுபடி ஏறி மறுபடி இறங்குவான். கேஸ் திருகை மூடிவிட்டு மகளைக் கூப்பிட்டு, "மூடியிருக்கான்னு சொல்லு" என்பான். எட்டு வயதுப் பெண் அதைப் பள்ளிக்கூட வருகைப் பதிவு மாதிரி, "உள்ளேன் ஐயா" என்று சொல்லிக் கேலி செய்வாள். மனைவி சிரிக்க மாட்டாள். பக்கத்தில் வந்து முதுகைத் தடவி, "விடுங்க, மறதி மனுஷனுக்கு வர்றதுதானே" என்பாள். எத்தனை தரம் சொல்லியிருப்பாள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவன் நான்கு வருடத்தைக் கடந்தான்.

போன வாரம் வேறொரு கம்பெனி மலை வேலைக்குக் கூப்பிட்டது. போகலாம், ஆனால் அந்தத் திருகு வேண்டாம் என்று முடிவு செய்தான். ஹப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, திருகே இல்லாத கெட்டித் தட்டுகளை மாட்டிவிட்டால் சக்கரமும் அச்சும் எப்போதும் கோத்தபடியே இருக்கும். கொஞ்சம் டீசல் கூடக் குடிக்கும். குடிக்கட்டும். மறப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. மச்சானிடம் சொன்னபோது, "எதுக்கு வீண் வேல? பழசு கல்லு மாதிரி இருக்கு" என்றார். மனைவியும், "இப்ப என்ன அவசரம்?" என்றாள். இரண்டு பேரும் தன்மேல் உள்ள அக்கறையில் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

சட்டைப்பையில் போன் அடித்தது. மச்சான்.

"எடுங்க. காலையிலேருந்து மூணாவது தடவ அடிக்கிறாரு" என்றார் டாக்டர். "ஆபரேஷன் நடக்குதுன்னா சொந்தக்காரங்களுக்குப் பதட்டமா இருக்காதா?"

அவன் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. அந்த ஓய்வில்தான், வளையத்தை எங்கே பார்த்தோம் என்பது ஞாபகத்துக்கு வந்தது.

மனைவி தையல்காரி. வெட்டு மேசையில் துணியை விரித்து, காகித அளவு நகராமல் இருக்க நான்கு மூலையிலும் எதையாவது வைப்பாள். ஒரு மூலையில் கல், ஒன்றில் பழைய பூட்டு, ஒன்றில் மருந்து பாட்டில். நான்காவது மூலையில் ஓர் இரும்பு வளையம். மச்சான் கொண்டுவந்து கொடுத்தது. இடது சக்கரத்துக்கு கிரீஸ் மாற்றிவிட்டு, கையெல்லாம் கறுப்பாக வந்து, செய்தித்தாளில் சுற்றி நீட்டினார். "இந்தாம்மா, ஒரு பல்லு போச்சு, இனிமே இது உனக்குத்தான் ஆகும். துணி பறக்காம இருக்கும்." இவன்கூட, "உங்கண்ணன் சீர் கொண்டாந்திருக்காரு, வாங்கிக்க" என்று சிரித்தான். ஏதோ கழித்துப் போட்ட பேரிங் துண்டு என்று நினைத்தான். அது அந்த மழைக்கு ஒரு வாரம் முன்பு.

அப்படியானால் அன்றைக்கு இடது பக்கத்திலிருந்து வந்த "லாக்!" வெறும் சத்தம். புது வளையம் வாங்கி மாட்டுவதாக இருந்திருப்பார், சொல்லத் தள்ளிப் போட்டிருப்பார், அதற்குள் மழையும் வேலையும் சேர்ந்து வந்திருக்கும். அதுவரைக்கும் மன்னித்துவிடலாம் போலிருந்தது. ஆனால் வலது பக்கத்துத் திருகு? அது தானாகத் திரும்பாது. இவன் ஒரு மனிதனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிய நேரத்தில், வண்டியோடு இருந்தது ஒரே ஓர் ஆள். அந்த ஆள் நிதானமாக இந்தப் பக்கம் நடந்து வந்து, குனிந்து, இரண்டு விரலால் அதைத் திருப்பியிருக்கிறார்.

"மாட்டட்டுமா?" என்றார் டாக்டர், புதுத் தட்டுகளைத் துடைத்தபடி.

"மாட்டுங்க."

வேலை முடிய நாலு மணியாயிற்று. டாக்டர் பழைய பாகங்களை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். அவன் வலது பக்கத்து வளையத்தை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். வழியெல்லாம் நெஞ்சின்மேல் அது கனத்தது. அவளுக்குத் தெரிந்திருக்காது என்று சொல்லிக்கொண்டான். அவள் தையல்காரி. இரும்பைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? தெரிந்திருந்தால் இத்தனை நாள் அதைக் கண் முன்னால் மேசையில் வைத்திருப்பாளா? இன்று அவளிடம் சொல்ல வேண்டும். நான் மறக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அவள் அழுவாள். அண்ணனைத் திட்டுவாள். பிறகு இரண்டு பேருமாகக் காவல்காரர் வீட்டுக்குப் போகலாம்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக் கதவைப் பூட்டினான். படியேறினான். பாதிப் படியில் நிற்கவில்லை. மேலே வந்த பிறகுதான், திரும்பிப் போய்ப் பார்க்காதது அவனுக்கே உறைத்தது.

அவள் வெட்டு மேசையில் நீல நிறத் துணியை விரித்திருந்தாள். கத்தரிக்கோல் கறுக் கறுக்கென்று போய்க்கொண்டிருந்தது. "என்ன, இன்னைக்கு ஒரே தடவையில ஏறி வந்துட்டீங்க?" என்றாள் நிமிராமல்.

அவன் சட்டைப்பையிலிருந்து வளையத்தை எடுத்து, துணியின் மூலையில் இருந்த அந்த இன்னொரு வளையத்தின் பக்கத்தில் வைத்தான். இரண்டும் ஒரே அளவு. ஒன்றில் எல்லாப் பற்களும் இருந்தன, ஒன்றில் ஒரு பல் இல்லை. அவன் கையில் இருந்த கறுப்பு கிரீஸ் நீலத் துணியில் பெருவிரல் அகலத்துக்கு ஒட்டிக்கொண்டது. வாடிக்கையாளர் துணியில் ஒரு பொட்டு அழுக்குப் பட்டால் வீட்டை இரண்டாக்குகிறவள், அதைப் பார்த்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தரிக்கோல் பாதி வெட்டில் நின்றது.

எதிலிருந்து தொடங்குவது என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தான். இடது பக்கம் என்று சொல்லவில்லை. மச்சான் என்று சொல்லவில்லை. வாயையே திறக்கவில்லை.

அவள் கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள்.

"அண்ணன்கிட்ட எதுவும் கேட்டுடாதீங்க. அன்னைக்கே என் கால்ல விழுந்து அழுதுட்டான்."