அசையாமல் நின்றவள்

மெதுவான ஷட்டரில் என் கணவர் எடுத்த ரயில் நிலையப் படத்தில் எல்லோரும் புகைபோல் கலைந்திருந்தார்கள். நடுவில் மஞ்சள் சுடிதார்க்காரி மட்டும் தெளிவாக இருந்தாள்.

“யாருங்க இவ?”

“யாருக்குத் தெரியும்? கூட்டத்துல யாரும் கவனிக்காதப்ப எடுத்தது.”

“ஒரு செகண்ட் ஷட்டர் திறந்திருக்கு. அவ்வளவு நேரமும் உங்களையே பார்த்துக்கிட்டு ஆடாம அசையாம நின்னாளா? சிரிப்பு வேற!”

“உன்னை பிசிக்ஸ் படிக்க வெச்ச மாமாவைச் சொல்லணும்.”

“நானும்தானே அன்னைக்கு வந்தேன்? நான் எங்க?”

ஓரத்தில் இழுபட்டிருந்த நீலத் தீற்றலை விரலால் தொட்டார். “இதோ. தண்ணி பாட்டில் வாங்க ஓடுறே.”

எனக்கு அன்று தாகமே இல்லை. தண்ணீர் வேண்டுமென்று என்னை அனுப்பியது அவர்தான்.