நரிக்கு வந்த பூச்செண்டு

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. என் சண்டை அல்ல. நெரிமாவில் என் பக்கத்து வீட்டுத் தம்பதியுடையது. மசாயோ, அனிமே என்னும் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களுக்குக் குரல் கொடுப்பவர். இப்போது ஒரு தொடரில் கிழட்டு நரியாகப் பேசுகிறார். கணவர் தெத்சுஜி, சும்மா இருப்பவர். ஆனால் வாய் சும்மா இருக்காது.

“இப்ப வர்ற அனிமேல என்ன சஸ்பென்ஸ் இருக்கு? மூலக்கதை மாங்கா, அந்தப் படக்கதைப் புத்தகம், முழுசா வந்தாச்சு. கடைசி பாகத்தைப் புரட்டினா முடிஞ்சுபோச்சு. எங்க காலத்துல எழுதுறவனுக்கே அடுத்த வாரம் தெரியாது!”

“உங்க காலத்துலதானே, ‘அடுத்த வாரம்: கேப்டன் சாகிறார்’னு முன்னோட்டத்துலயே போட்டு உடைச்சாங்க?”

“அதை நம்பாமதான்டீ வாரம் பூரா தவிச்சோம்!”

(நான் ஒட்டுக்கேட்கவில்லை. சுவர் மெல்லியது.)

2

நான் எழுதிப் பார்த்த தொடக்கம்: “மழை பெய்த அந்தக் காலையில், மரணம் மசாயோவின்…”

வேண்டாம். மழையையும் மரணத்தையும் ஒரே வரியில் வைக்கிறவனை நானே நம்பமாட்டேன்.

விஷயம் இதுதான். ரொம்ப நாள் சும்மா இருந்த பிறகு மசாயோவுக்குக் கிடைத்த வேடம் இந்த நரி. நரி செத்தால் கையில் வேறு வேலை இல்லை. ஆனாலும் அவர் மாங்காவைப் படிக்கவில்லை. முடிவு தெரிந்தால் குரல் முன்கூட்டியே அழுதுவிடுமாம். இந்த வார வசனத்தில் நரி ஆற்றில் விழுகிறது. அதோடு சரி.

3

ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனால், மேசைமேல் பெரிய பூச்செண்டு.

பாத்திரம் செத்து வெளியேறுகிறவருக்குப் பதிவு முடிந்ததும் பூச்செண்டு கொடுப்பது அங்கே வழக்கம். இந்த வாரம் ஆற்றில் விழுவது நரி மட்டும்தான். மசாயோ கணக்குப் போட்டுக்கொண்டார். ஒலிவாங்கி முன் நின்று, நரியாகவும் தானாகவும் சேர்ந்து விழுந்தார்.

“பிரமாதம் மசாயோ-சான், உடம்பு சிலிர்த்துப்போச்சு!” என்றார் இயக்குநர்.

(இங்கே பூச்செண்டை அவர் கையில் கொடுத்து, எல்லோரையும் தலைகுனிய வைத்து ஒரு முடிவு எழுதினேன். அழுகை நன்றாக வந்தது, என்னுடையது. அடித்துவிட்டேன்.)

“ரொம்ப நன்றி. இத்தனை நாள் நல்லா…” என்று மசாயோ விடைபெறத் தொடங்கினார்.

“எங்க போறீங்க? அந்தப் பூ உங்க வீட்டுக்காரர் அனுப்பினது.”

4

தொலைபேசி. (மசாயோ பேசியது என் கற்பனை, தெத்சுஜி பேசியது சுவர் வழியே வந்தது.)

“என்னங்க, இங்க பூ வந்தா என்ன அர்த்தம்னு தெரியாதா உங்களுக்கு? உசுரே போச்சு!”

“ஐயோ! அதை மறந்தே போனேன்… சந்தோஷத்துல வாங்கிட்டேன்.”

“என்ன சந்தோஷம்? மாங்காவைப் படிச்சீங்களா?”

“…கடைசி பாகம் மட்டும். தாங்க முடியலடீ.”

“சொல்லாதீங்க!” பிறகு அவரே: “சரி, சொல்லுங்க.”

தெத்சுஜி தொண்டையைச் செருமினார். பழைய முன்னோட்டக் குரலில், தெருவுக்கே கேட்கும்படி முழங்கினார்: “அடுத்த வாரம்: நரி நீந்துகிறது!”

5

மசாயோ நம்பிவிட்டார். பூச்செண்டோடு, ரயிலில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வீடு வந்தார். எனக்கும் மூச்சு வந்தது.

ஆனால் முன்னோட்டத்தை நம்பாதவர்களும் உண்டு என்று தெத்சுஜியே சொல்லியிருக்கிறார். உங்களுக்காகக் கடைசி பாகத்தை வாங்கி வைத்திருக்கிறேன். உறை பிரிக்கவில்லை. வேண்டுமானால் நீங்கள் பிரியுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம். என் கதையில் நரி கரையேறி, உடம்பை உதறிக்கொண்டிருக்கிறது.