கையெழுத்தைத் திருத்தவும்

இருபது வருடமாக வாத்தியார் வேலையில் பழம் தின்று கொட்டை போட்ட எனக்கு, மாணவர் மனநலம் பற்றிப் பயிற்சியாம்! சனிக்கிழமை பாழ். கடைசி வரிசையில் உட்கார்ந்து, பத்தாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளுக்கு டிக் போட்டுக்கொண்டிருந்தேன்.

"பிள்ளைங்க நேரா சொல்ல மாட்டாங்க சார். நாம படிப்போம்னு நம்புற இடத்துல எழுதி வைப்பாங்க," என்றார் பயிற்சியாளர்.

எனக்கு எங்கோ உறுத்தியது. கையிலிருந்த நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். போன மாதம் எழுதிய 'மழைக்காலம்' கட்டுரைக்கு நடுவே அந்த நோட்டுக்குரிய பெண் கிறுக்கியிருந்தாள்: 'சார், எனக்கு வாழவே பிடிக்கல.'

அதன் கீழே என் சிவப்பு மை: 'நன்று. கையெழுத்தைத் திருத்தவும்.'

அடுத்த கட்டுரையிலும் அதே வரி இருந்தது, முத்துமுத்தான கையெழுத்தில். அதற்கு 'மிக நன்று' போட்டிருந்தேன்.