தண்ணீர் விடாத தொட்டிகள்

"நல்லா ஊத்துடி. ஒங்கப்பன் இன்னா உப்பா, கரைஞ்சி பூட?" என்றாள் கோவிந்தம்மாள் அத்தை.

கலைப்பிரியா சொம்பைச் சாய்த்தாள். நாற்காலியில் உட்கார வைத்திருந்த அப்பாவின் தலையிலிருந்து சீயக்காய் நெற்றிக்கு இறங்கி அங்கேயே நின்றது. அதைக் கழுவும் அளவுக்குக்கூட அவள் கையிலிருந்து தண்ணீர் விழவில்லை.

"பாவம், கையில தெம்பில்ல. விடுங்க" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

தெம்பு இருந்தது. அளந்து ஊற்றுவதே அந்தக் கைக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. அப்பா சுப்பராயலுவுக்குச் சிறுநீரகம் கெட்டு, விழுப்புரத்துக்கு டயாலிசிஸுக்குப் போய்வர ஆரம்பித்ததிலிருந்து அவருக்குத் தண்ணீர் அளந்து கொடுத்தவள் அவள்தான். ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில். குடிக்கும் டீயும் அதில்தான் கழியும், சோற்றில் ஊற்றும் ரசமும் அதில்தான் கழியும். "எம்பொண்ணு என்னையும் ஒரு தொட்டியில நட்டு வெச்சிக்கினு கீது" என்று ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அத்தை பொறுமையிழந்து குடத்தையே தூக்கிக் கவிழ்த்தாள். மூடிய உதடுகளின் மேல் தண்ணீர் வழிந்து மார்புக்கு ஓடியது. இன்னொரு குடம். பிறகு இன்னொன்று. யாரும் அளக்கவில்லை.

நேற்றுக் காலை அவர் கேட்டிருந்தார். "கலை, இன்னிக்கி மட்டும் கொஞ்சம் சேத்துக் குடும்மா. நாக்கு மேல ஒட்டிக்குது."

"காலப் பாருங்கப்பா, எப்படி வீங்கிக்கினு இருக்குதுன்னு. நாளைக்கு டயாலிசிஸ் முடியட்டும், சேத்துத் தர்றேன்."

"சரிம்மா" என்றார். எப்போதும் சொல்கிற அதே சரி. அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திண்டிவனம் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டாள். மதியம் அம்மாவிடமிருந்து போன் வந்தது. அவள் கிளியனூருக்கு வந்து சேர்ந்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு கேள்விதான் அவளுக்குள் இருந்தது. கடைசியில் தண்ணீர் கேட்டாரா? அம்மாவுக்குத் தெரியும். ஆனால் கேட்டுவிட்டால் பதிலும் வந்துவிடும். அதைக் காலமெல்லாம் வைத்துக்கொண்டு வாழ வேண்டும். அதனால் அவள் அம்மாவின் பக்கமே போகாமல் பந்தலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

அப்பாவுக்குப் புது வேட்டி கட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். போன் அதிர்ந்தது. ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு உதவியாக வேலை பார்க்கும் ஆன்டனி.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. இந்த நேரத்துல கேக்கறதுக்கே சங்கடமா இருக்குது. செடிங்க நல்லா வாடிடுச்சி. இன்னிக்கி இலை எடுக்கற நாளு. நாளைக்கின்னா காஞ்சிடும்."

வறட்சியைத் தாங்கும் மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையைத் தேடுவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வலைக்கூடாரத்தில் வரிசையாகத் தொட்டிகள். பூ விட்டு விழுது மண்ணில் இறங்கும் சமயம் பார்த்துத் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். வேர் காய்ந்ததும் இலைக்குச் சேதி போகும். இலை தன் நுண்துளைகளை மூடிக்கொள்ளும். அதுவரை தூங்கிக்கிடந்த சில மரபணுக்கள் அப்போதுதான் விழிக்கும். எந்தச் செடியில் எது விழிக்கிறது என்று பார்க்க, வாடி நிற்கும்போதே இலையைக் கிள்ளி, அந்த நொடியிலேயே திரவ நைட்ரஜனில் போட்டு உறைய வைக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வாய் தண்ணீர் பட்டாலும் செடி எல்லாவற்றையும் மறந்துவிடும்.

ஒரு முறை அப்படித்தான் ஆயிற்று. மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை மூட்டை போட வந்த அப்பா, மகளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார். அவள் உள்ளே கருவியோடு இருந்தாள். திரும்பி வந்தபோது அவர் வாளியும் கையுமாக நின்றார். ஒரு வரிசை முழுக்க ஈரம்.

"இன்னாப்பா பண்ணீங்க! ஒரு வருச வேலைப்பா!" எல்லோர் முன்னாலும் கத்திவிட்டாள்.

"கொழா பக்கத்துலயே கீது. அது தலையத் தொங்கப் போட்டுக்கினு நிக்குது. எப்படிம்மா பாத்துட்டு சும்மா போறது?"

வாடிய பயிருக்குத் தண்ணீர் காட்டுவது அவருக்குச் சாமியைக் கண்டால் கைகூப்புவது மாதிரி. யோசித்துச் செய்கிற காரியமல்ல. இரக்கத்தோடு ஊற்றிய தண்ணீரைக் கடவுள் குற்றமாக எண்ணமாட்டார். மகள்தான் அன்று குற்றமாக எண்ணினாள்.

ராத்திரி சாப்பாட்டின்போது ஆறிப்போய் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். அவர் பிசைந்த சோற்றை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். "நடுவுல ஊத்திட்டா கெட்டுப்பூடும், அப்படித்தான?" என்று ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டுக்கொண்டார். "ஒனக்கு ஒண்ணு கெடைச்சிதுன்னா மானாவாரிக்காரன்லாம் பொழைச்சிக்குவான்" என்றார்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்றான் ஆன்டனி.

பெரியப்பா மகன் குமரேசன் அப்பாவின் தாடையைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் அதையே பார்த்தாள்.

"இலை எடுக்க வேணாம். தண்ணி ஊத்திடுங்க."

"மேடம், இந்த சீசனே போயிடும்."

"போவட்டும். எல்லாத் தொட்டிக்கும் ஊத்திடுங்க, ஆன்டனி."

மேளம் முன்னால் போக, அப்பாவை எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் தெருமுனைவரை போய்த் திரும்பினார்கள். வீடு கழுவ ஆரம்பித்தார்கள். "அந்த மூலையில இன்னும் ஊத்து, பூவு ஒட்டிக்கினு கீது பாரு" என்று அத்தை அதட்டிக்கொண்டிருந்தாள். அறைக்குள் அம்மா அம்சா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இனிமேல் தள்ளிப்போட வேறு வேலை இல்லை. கலைப்பிரியா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, நேத்து தண்ணி கேட்டாரா?"

"கேட்டாரு."

"குடுத்தியா?"

"நீ திட்டினா திட்டிக்கோன்னு ஒரு சொம்பு நெறைய மோந்துக்கினு போனேன். கையில வாங்கிப் பாத்தாரு. திருப்பிக் குடுத்துட்டாரு."

"ஏம்மா?"

"புள்ள அளந்து வெச்சிருக்குது, நடுவுல ஊத்திட்டா கெட்டுப்பூடும்னாரு."

வெளியே துடைப்பம் தண்ணீரைத் தள்ளும் சத்தம் கேட்டது.

"நீ குடி அம்சா, நான் பாக்கறேன்னாரு. குடிக்கலன்னா கோச்சிக்குவாரு. அண்ணாந்து குடிச்சேன். பாதி கழுத்துல ஊத்திக்கினு ரவிக்கையெல்லாம் நனைஞ்சி போச்சி. அதுக்குச் சிரிச்சாரு. சொம்ப உள்ள வெச்சிட்டு வர்றதுக்குள்ள…"

அம்சா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கலைப்பிரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எழுந்து, போனை எடுத்து ஆன்டனியைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. இந்நேரம் கடைசித் தொட்டிவரை ஊற்றியிருப்பான்.

வெயில் தணியாத நேரத்தில் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஆன்டனி இறங்கினான். முழங்காலில் மண். உதடு காய்ந்து வெடித்திருந்தது. கழுவிவிட்ட வாசலைப் பார்த்ததும் அவன் முகம் வாடிவிட்டது.

"எடுத்துட்டாங்களா?"

"ம்."

"ஐயா மொகத்தக்கூட பாக்க முடியாமப் போச்சே." பாலிதீன் பையிலிருந்த மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். "மேடம், நீங்க திட்டினாலும் பரவால்ல. ஊத்தச் சொன்னீங்க. துக்கத்துல சொல்றீங்கன்னு பட்டுது. எல்லாத் தொட்டியிலயும் இலை எடுத்து நைட்ரஜன்ல போட்டுட்டு அப்புறமாத்தான் ஊத்தினேன். ஒருத்தனா செஞ்சதுல லேட்டாயிடுச்சி. போன் வந்தது தெரியும், கையில கிளவுஸ் மேடம்."

அவள் அவனைப் பார்த்தாள். நேராக உள்ளே போனாள். புதிதாகப் பிடித்து வைத்திருந்த குடத்திலிருந்து ஒரு சொம்பு நிறைய மொண்டாள். விளிம்பில் தளும்பி விரலில் வழிந்தது. அப்படியே கொண்டுவந்து நீட்டினாள்.

ஆன்டனி மாலையை வண்டி மேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கி அண்ணாந்தான். அவன் தொண்டை ஏறி இறங்கியது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.

பாதியில் சொம்பை இறக்கி அவன் மூச்சு வாங்கினான்.

"குடிங்க" என்றாள். "இன்னும் இருக்குதே."

அவன் மறுபடியும் அண்ணாந்தான்.