பெட்டி இல்லாத வேன்

வேனைக் காணோம். அப்பாவையும் காணோம். சாவி மாட்டும் ஆணி காலியாக இருந்தது. வேன்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பாவுக்கு ஞாபகம் பிசகி வெகுகாலமாகிறது. பெற்ற மகனையே சில நாள் "நீங்க யாரு?" என்பார். கிளட்சும் கியரும் மட்டும் மறந்து தொலையவில்லை. வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டிய மனுஷன்.

"மசமசன்னு நிக்காதீங்க! வரி ஆபீசுக்குப் போன் போடுங்க. எந்த வண்டி எங்க போகுதுன்னு அவங்களுக்குத் தெரியுமே!" என்று கத்தினாள் மனைவி.

தெரியும்தான். ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வரி என்று சட்டம் வந்ததிலிருந்து வண்டிக்கு வண்டி ஒரு பெட்டி. வண்டி இருக்கும் இடத்தை அது ஆபீசுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நம்ம ஆள் லேசுப்பட்டவரா? சொந்த வேலைக்குப் போகும்போதெல்லாம் பெட்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுவார். வண்டி சும்மா நிற்பதாக ஆபீஸ் நினைத்துக்கொள்ளும். நேற்றும் கழற்றினார், திரும்ப மாட்டவில்லை. இதோ, டிவி மேல் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கிறது. பாழாய்ப்போன புத்தி!

போனை எடுத்த பெண் வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்தாள். "உங்க வேன் வீட்டுலதானே சார் நிக்குது?"

உண்மையைச் சொன்னால் லைசென்ஸ் போகும், பிழைப்பும் போகும். வேன்காரர் டிவி மேலிருந்த பச்சை விளக்கைப் பார்த்தார்.

"இல்லம்மா, பெட்டிதான் இங்க இருக்கு. நான்தான் கழட்டினேன். என்னை என்ன வேணா பண்ணிக்கோங்க. எங்கப்பாவைக் கண்டுபிடிச்சுக் குடுங்க, தாயே!" குரல் உடைந்து அழுதார்.

"பெட்டி இல்லாத வண்டி எங்களுக்குத் தெரியாதே சார்..." அவள் குரலும் இறங்கியது. பிறகு, "இருங்க, இருங்க. மேம்பாலத்து இறக்கத்துல ஒரு இடத்தைச் சுத்தியே எல்லா வண்டியும் ஒதுங்கிப் போகுது. நடுவுல ஒண்ணுமே காட்டல. அங்க என்னமோ நிக்குது சார்."

"ஐயோ, அப்பாதான்!"

பக்கத்து வீட்டுக்காரரின் பைக்கில் தொற்றிக்கொண்டார். போன் காதை விட்டு இறங்கவில்லை. போலீசுக்குச் சொல்லிவிட்டதாக அவள் சொன்னாள்.

"இன்னும் ஒதுங்கித்தானே போறாங்க?"

"ஆமா சார். பாலத்து மேல ஒரு லாரி மட்டும் ரொம்ப வேகமா வருது."

"அது ஒதுங்கிடுச்சா? சொல்லும்மா, ஒதுங்கிடுச்சா?"

 அவள் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"ஒதுங்கல சார். லாரி அந்தக் காலி இடத்துக்குள்ளயே போய் நின்னுடுச்சு. பின்னாடி எல்லா வண்டியும் நின்னுடுச்சு."

வேன்காரர் பைக்கின் பின்னால் உட்கார்ந்தபடி, போனுக்குள் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே போனார்.